அந்நிய உதவியும் நம் நிலத்தடி நீரும்

பிற தேசத்தாரின் பணமும் யந்திரமும் நம் நாட்டுத் தனியார் தொழில்களுக்குத் துணையாக வருவது நன்மையா, தீமையா என்ற கேள்வி நமது அரசியல் மேடைகளில் அடிக்கடி எழுந்து, விடை காணாமலே அடங்கிவிடுகிறது. அந்நியன் கொடுக்கும் ஒவ்வொரு காசும் விலங்கின் ஒரு கண்ணி என்பர் ஒரு சாரார். பணம் எங்கிருந்து வந்தால் என்ன, தொழில் பெருகினால் போதும் என்பர் மற்றொரு சாரார். இரு கட்சியாரும் பேசுவது பணத்தைப் பற்றியே; அந்தப் பணமும் யந்திரமும் எந்தப் பூமியில் வந்து இறங்குகின்றன, அந்தப் பூமியின் செல்வத்தை யார் எண்ணிப் பார்த்துக் காக்கிறார்கள் என்பதைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இந்த மௌனமே நமக்குக் கவலை தருகிறது.

தத்துவ விசாரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சேலம் ஜில்லாவையும், அதனின்று 1997-ம் வருஷத்தில் பிரிந்த நாமக்கல் ஜில்லாவையும் எடுத்துக்கொள்வோம். அந்நிய உதவியின் நன்மை தீமை இரண்டையும் ஒரே சமவெளியில் காண வேண்டுமானால் இதைவிடத் தக்க இடம் வேறில்லை.

முதலில் பழங்கதை. கம்பெனியார் ஆட்சியில் சேலத்தில் வர்த்தக உத்தியோகம் பார்த்தவர் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கஞ்சமலையிலும் சுற்றுப்புறக் குன்றுகளிலும் கிடைக்கும் உயர்ந்த இரும்புத் தாதுவையும், அதை மண் உலைகளில் உருக்கி நம் ஊர்க் கொல்லர் செய்த எஃகையும் அவர் கண்டார். 1825-ல் உத்தியோகத்தை விட்டு விலகி, சீமைக்குச் சென்று இரும்புத் தொழிலைக் கற்று வந்து, 1830-ம் வருஷத்தில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையை நிறுவினார். தனி மனிதரின் தொழில்தான். ஆயினும் கம்பெனி சர்க்கார் அவருக்குப் பெருந்தொகைகளை முன்பணமாக உதவியது, விசேஷ உரிமைகளையும் வழங்கியது. சேலத்துத் தாது பரிசல்களில் ஏறி ஆற்று வழியாகக் கடற்கரைக்குப் போயிற்று.

அந்த ஆலையின் உலைகளுக்கு இரை மரக்கரி. வெட்டப்பட்ட மரத்துக்கு ஈடாக மரம் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் முன்பணத்தோடு கூட வரவில்லை. சுற்றுப்புறக் காடுகள் மெலிந்தன. கரி வரவர அரிதாயிற்று. தூரத்திலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவரும் கரியின் விலை இரும்பின் லாபத்தைத் தின்றது. 1853-ல் புதுக் கம்பெனி ஒன்று அந்தத் தொழிலை ஏற்று நடத்தியும் 1860-களுக்குப் பின் அது நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, மாங்கனீஸ் கலந்து எஃகு செய்யும் முறைக்கு 1839-ல் உரிமைச் சாஸனம் பெற்றார். அதன் பயனை ஷெபீல்டு நகரத்து ஆலைக்காரர்கள் அனுபவிக்க, அவர் வழக்கு மன்றங்களில் அலைந்து மாண்டார். சேலத்துக்கு மிஞ்சியது என்ன? தாது மலையிலேயே கிடந்தது. கரிக்காக வெட்டிய காடு திரும்பி வரவில்லை. நம் கொல்லரின் மண் உலையும் சீமை இரும்பின் போட்டியில் அணைந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், அந்நியனுடைய பணம் விஷம் என்பதன்று. கணக்குத் தப்பியது எங்கே என்பதே கவனிக்கத் தக்கது. ஆலைக்கு எத்தனை ரூபாய் என்று கணக்கு எழுதினார்கள். காட்டில் எத்தனை மரம் என்று எழுதவில்லை. எழுதாத கணக்கே அந்தத் தொழிலைக் கொன்றது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

சேலம், நாமக்கல் சமவெளி தஞ்சையைப் போன்ற வண்டல் பூமி அன்று. சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் கிடக்கும் பாறை நிலம் இது. மேற்கெல்லையில் காவேரி ஓடினாலும், மேட்டு நிலத்துக்கு அது எட்டாக் கனி. திருமணிமுத்தாறும், சரபங்காவும், வசிஷ்ட நதியும் மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றுபவை. மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை சில அடிகள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. நீர் நிற்பது அந்தச் சிதைந்த அடுக்கிலும், கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே. நம் பாட்டன்மார் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் மாதக் கணக்கில் கிணறு வெட்டி, கவலை கட்டி, மாடுகளைக் கொண்டு நீர் இறைத்தார்கள். மாடு இழுக்கும் அளவுக்கு மேல் நீர் எடுக்க முடியாது. எடுத்த நீர் இரவில் ஊறிவிடும். வறுமைதான், ஆனால் நீரின் வரவும் செலவும் ஏறக்குறைய நேராக நின்றன. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. பின்னர் மின்சார பம்பு மேட்டுக் காடுகளுக்கும் பரவிற்று. கிணற்றின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது.

இந்த நிலையில்தான் பாறையைத் துளைக்கும் யந்திரம் நம் தேசத்தில் புகுந்தது. 1966, 1967-ம் வருஷங்களில் பீஹாரிலும் அதன் அண்டை மாகாணத்திலும் கொடும் பஞ்சம் தாக்கிற்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமான யூனிஸெப், காற்றழுத்தத்தால் சம்மட்டி அடித்துப் பாறையைக் குடையும் துளை யந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியது. மாதங்களில் வெட்டிய ஆழத்தை இந்த யந்திரம் ஒரு நாளில் துளைத்தது. தாகத்தால் தவித்த கிராமங்களுக்கு அது சஞ்சீவியாகவே இருந்தது. அந்த உதவியை இகழ்ந்து பேசுவது நன்றி கெட்ட செயல் என்போம்.

இன்னொரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். துளைகளின் மேல் வைத்த பழைய வார்ப்பிரும்பு அடி பம்புகள் விரைவில் பழுதாகின. 1974-ல் பரிசோதித்தபோது நாலில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. யூனிஸெப் புதிய பம்புகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக் கை கழுவியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. சோலாப்பூரில் ஏற்கெனவே உழைத்துக் காட்டிய ஒரு பம்பின் மாதிரியை எடுத்து, சென்னை ரிச்சர்ட்ஸன் அண்டு குருடாஸ் ஆலையோடும் நம் என்ஜினீயர்களோடும் சேர்ந்து திருத்தி, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆழ்ந்த நீர்மட்டத்தில் வைத்துச் சோதித்து, இந்தியா மார்க் 2 என்ற அடி பம்பை உருவாக்க உதவிற்று. அதன் அமைப்பு எவருக்கும் தனி உரிமையாக்கப்படவில்லை. தரக் கட்டளைக்கு உட்பட்டு எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று விடப்பட்டதால், நம் நாட்டுச் சிறு ஆலைகள் பல அதைச் செய்து பிழைத்தன; பிற தேசங்களுக்கும் அது ஏற்றுமதியாயிற்று. அந்நிய உதவி எப்படி இருக்க வேண்டும் என்று நம்மை யாரேனும் கேட்டால், இந்தப் பம்பைச் சுட்டிக் காட்டுவோம். உதவி போன பின்னும் தொழில் நம் கையில் நின்றது.

துளை யந்திரத்தின் கதையும் இதைப்போன்றதே. ஆனால் முழுதும் அன்று. நாமக்கல் ஜில்லாத் திருச்செங்கோடும் அதன் சுற்றூர்களும் ரிக் வண்டிகளின் தலைநகரமாக விளங்குவதை யார் அறியார்? உறவினரும் ஊராருமாகப் பலர் பங்கு சேர்ந்து, காட்டை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வண்டி வாங்கினார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்த வாலிபர்கள், ஊர் ஊராய்ப் பாறை துளைக்கப் போனார்கள். பஞ்சாப் முதல் குமரிவரை, தமிழ் எழுதிய ரிக் லாரி நிற்காத மாகாணம் இல்லை. கடல் கடந்து ஆப்பிரிக்க தேசங்களுக்கும் சென்றன. லாரி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் எழுந்தன. எந்த அந்நிய வங்கியும் இவர்களுக்குத் தொழில் கற்பிக்கவில்லை. ஸ்வதேசி முயற்சி என்று நாம் சொல்லி வந்ததற்கு இது சிறந்த உதாரணம் என்பதில் ஐயமில்லை.

சேலத்து ஜவ்வரிசித் தொழிலும் அவ்வாறே பிறந்தது. இரண்டாவது உலக யுத்தம் மூண்டு அந்நியச் சரக்கு நின்றபோது, மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு இங்கேயே மாவும் ஜவ்வரிசியும் செய்யத் துணிந்தார்கள் நம்மவர். 1981-ல் அத்தொழில் நடத்துவோர் தமக்கென ஒரு கூட்டுறவு ஸ்தாபனமும் கண்டார்கள். நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளோ கோடிக் கணக்கில் முட்டையை நாள்தோறும் அனுப்புகின்றன. கோழியின் மூல இனம் அந்நிய தேசத்தது, முயற்சி நம்முடையது. இவற்றையெல்லாம் பெருமையோடு எழுதுகிறோம். ஆனால் கிழங்கை அரைத்து மாவைக் கழுவ நீர் வேண்டும். லக்ஷக் கணக்கான கோழிகளுக்குக் கோடையில் குடிநீர் வேண்டும். பட்டறைக்கு வேண்டும், தறிக்கு வேண்டும், சாயத் தொட்டிக்கு வேண்டும். அத்தனை நீரும் எங்கிருந்து வருகிறது? ரிக் வண்டி போட்ட துளையிலிருந்துதான்.

இருநூறு அடியில் கண்ட நீர் ஐந்நூறுக்கு இறங்கிற்று. இப்போது ஆயிரம் அடி என்று சொல்வதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. இவ்விரு ஜில்லாக்களிலும் பல பிர்க்காக்கள், மழையால் சேரும் நீரைவிட மிகுதியாக நீர் எடுக்கப்படும் பகுதிகள் என்று சர்க்காரின் நிலத்தடி நீர்க் கணக்கிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. கெட்டிப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும் என்பதை நிபுணரும் சொல்கின்றனர். ரிக் ஓட்டும் தொழிலாளியும் அறிவான். ஆயினும் குடியானவன் மனைவியின் தாலிக்கொடியை விற்றுத் துளை போடுகிறான். புழுதி பறக்கிறது, நீர் வரவில்லை. நூறடி தள்ளி இன்னொரு துளை போடுகிறான். அவன் துளையில் நீர் வந்தால் அடுத்த காட்டுக்காரன் துளை வற்றுகிறது. அவன் இவனைவிட ஆழமாகப் போடுகிறான். அண்ணனும் தம்பியும் வரப்புக்கு இரு பக்கமும் நின்று பூமிக்கடியில் யுத்தம் செய்கிறார்கள். இதில் ஜயிப்பவன் எவனும் இல்லை. கடைசியில் இருவருக்கும் மிஞ்சுவது கடன்.

ஆழத்து நீரால் வேறொரு தீங்கும் உண்டு. 1965 வரையில் சேலம் ஜில்லாவின் பாகமாக இருந்த தர்மபுரிப் பக்கத்தில், பாறையிலிருந்து கரையும் புளோரைடு என்ற பொருள் குடிநீரில் மிகுந்து, குழந்தைகளின் பல்லைக் கறையாக்கி, பெரியோரின் எலும்பை வலுவிழக்கச் செய்தது. அதைப் போக்க ஒகேனக்கல்லிலிருந்து காவேரி நீரைக் குழாய் வழியே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டுவர, சுமார் 1,929 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 2008-ல் ஜப்பான் தேசத்துக் கடன் அதற்குக் கிடைத்தது. 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நேயர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பாறையைத் துளைக்கும் வித்தை ஓர் அந்நிய உதவியாய் வந்தது. துளை நீரின் தீங்கைத் தீர்க்க மற்றோர் அந்நியக் கடன் வந்தது. இடையிலே நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நீரை அளப்பதும் சோதிப்பதும் நம் வேலை. அதைச் செய்யாமல் விட்டோம்.

வங்காள தேசத்தில் நேர்ந்தது இதைவிடக் கொடிது. குளத்து நீரால் குழந்தைகள் பேதி கண்டு மடிவதைத் தடுக்க, 1970-களில் யூனிஸெப் முதலிய ஸ்தாபனங்களின் துணையோடு குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நோக்கம் தூயது. தனியாரும் பின்னர் லக்ஷக் கணக்கில் இறக்கினார்கள். அந்த மண்ணில் ஆர்ஸெனிக் என்ற நஞ்சு இயற்கையாகவே கலந்திருப்பது 1993-ல்தான் கண்டறியப்பட்டது. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தேசத்துச் சட்டத்தைப் பார்ப்போம். 1882-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் இரண்டு சட்டங்களைச் செய்தது. ஒன்று சென்னைக் காட்டுச் சட்டம். ஹீத் காலத்தைப்போல் மனம் போனபடி வெட்டவிட்ட காடுகளுக்குப் பின்னர் வேலி போட்டது. அந்த வேலி குடிகளின் விறகையும் மேய்ச்சலையும் பறித்தது என்பதை நாம் மறக்கவில்லை. மற்றொன்று ஈஸ்மெண்டு சட்டம். தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை நிலக்காரன் தன் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையை அது ஒப்புக்கொண்டது. கவலை மாடு இறைத்த காலத்தில் அந்த உரிமையால் அண்டை வீட்டானுக்குக் கேடில்லை. ஆயிரம் அடி துளைக்கும் யந்திரத்தின் கையில் அதே உரிமை அடுத்தவன் உயிர்நீரைக் குடிக்கும் உரிமையாகிவிட்டது. அந்நியன் போனான், அவன் எழுதிய உரிமையை மட்டும் நாம் பூஜை செய்துகொண்டிருக்கிறோம்.

நம் ராஜ்ய சட்டசபை சும்மா இருந்ததென்று சொல்வதற்கில்லை. சென்னை நகரப் பகுதிக்கு 1987-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று செய்தது. ராஜ்யம் முழுவதற்குமாக 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஆனால் அது ஒரு நாளேனும் அமுலுக்கு வராமலே 2013-ல் ரத்து செய்யப்பட்டது. பத்து வருஷம் தொட்டிலிலே கிடந்து கண் விழிக்காமலே போன சட்டம் அது! தலைநகருக்கு வேண்டிய பாதுகாப்பு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வேண்டாமா என்று கேட்கிறோம்.

இந்திய சர்க்கார் 2019 டிசம்பரில் அடல் பூஜல் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. 6,000 கோடி ரூபாய். அதில் பாதி உலக வங்கிக் கடன். கிராமத்தார் தாமே தம் நிலத்தடி நீரை அளந்து, வரவு செலவு எழுதி, பயிரைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏழு மாகாணங்கள் அதில் சேர்க்கப்பட்டன. நம் தமிழ்நாடு அவற்றில் ஒன்றன்று. தொழில் பெருகக் கடன் வரும்போது நம் பெயர் பட்டியலில் இருக்கிறது. நீரைக் காக்கக் கடன் வரும்போது இல்லை. ஆனால் நாம் இதற்காகப் புலம்பப் போவதில்லை. கிணற்றில் கயிறு விட்டு நீரை அளக்க உலக வங்கியின் கடன் எதற்கு? பஞ்சாயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் நாணயமுள்ள ஒரு வாலிபனும் போதுமே!

உலக வங்கியின் 10 கோடி டாலர் கடனைக் கொண்டு, 26 ஜில்லாக்களில் கிராமத்துத் தொழில்களை வளர்க்க வாழ்ந்து காட்டுவோம் என்ற திட்டத்தை ராஜ்ய சர்க்கார் நடத்திற்று. கிராமத்துச் சிறு தொழிலாளி பாங்கியில் கடன் பெற்றால் அதில் ஒரு பங்கை மானியமாகத் தந்து தூக்கிவிடுவது அதன் முறைகளில் ஒன்று. லேவாதேவிக்காரனிடம் சிக்காமல் ஒரு பெண் மாவு மில்லோ தையற்கடையோ வைத்தால் அதை நாம் ஏன் குறை கூற வேண்டும்? இத்தகைய உதவியை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு நிபந்தனை விதிக்கிறோம். கடன் மனுவில் மூலதனம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று இரண்டு பத்திகள் இருந்தால், நீர் எவ்வளவு, அது எங்கிருந்து, கழிவு எங்கே போகும் என்று மூன்றாவது பத்தி ஒன்றும் இருக்க வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் மனு திரும்பட்டும். ஹீத்தின் முன்பணத்தில் இல்லாமற்போன பத்தி அதுவே.

இதற்குக் குடியானவர் சொல்லும் ஆக்ஷேபத்தை நாம் அறிவோம். “பட்டணத்தான் நாலு நேரம் குளிக்கிறான்; ஆலைக்காரன் ஆற்றைச் சாயமாக்குகிறான்; உங்கள் உபதேசமெல்லாம் காட்டில் ஒரு துளை போடும் எங்களுக்குத்தானா?” என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருமணிமுத்தாற்றின் இன்றைய நிறத்தைப் பார்த்தவர் எவரும் குடியானவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார். ஆகையால் கட்டுப்பாடு முதலில் பெரியவர்களிடம் தொடங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நீரை விற்கும் லாரி, சாய ஆலை, பெரும் பண்ணை, இவற்றின் துளைகள் முதலில் கணக்கில் ஏறட்டும். சிறு குடியானவனுக்கு இலவச மின்சாரத்தைப் பறிக்கும்படி நாம் சொல்லவில்லை. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனத்தை முழு மானியத்தில் தரும் ஏற்பாடு நம் ராஜ்யத்தில் உண்டு. அது ஏட்டில் நில்லாமல் கடைசிக் காட்டுக்கும் எட்டினால், அதே நீரில் அவன் அதிகம் விளைப்பான். துளையின் ஆயுளும் நீளும்.

ரிக் உரிமையாளர்களுக்கு நாம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். பாறைக்குள் எத்தனை அடியில் எந்த மண், எங்கே வெடிப்பு, எவ்வளவு நீர் என்று தேசத்தில் உங்களைப்போல் அறிந்தவர் இல்லை. ஒவ்வொரு துளை போடும்போதும் உங்கள் தொழிலாளி அதைக் கண்ணால் பார்க்கிறான். கூலிக் கணக்கு முடிந்தவுடன் அந்த அறிவு காற்றோடு போகிறது. திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர்கள் ஒன்று கூடி, போடும் ஒவ்வொரு துளையின் ஆழத்தையும், கண்ட நீரையும், பொய்த்த துளையையும் எழுதி அந்தந்தப் பஞ்சாயத்திடம் கொடுப்பதென்று ஒரு தீர்மானம் செய்தால், எந்த அந்நிய நிபுணனும் தர முடியாத பூமிப் படம் இந்தத் தேசத்துக்குக் கிடைக்கும். ஹீத்தின் உலைக்குக் காடு போனதும் உலை நின்றது. நீர் போனால் ரிக் வண்டியும் நிற்கும். இது தருமம் மட்டுமன்று, உங்கள் தொழிலின் ஜீவனமும் ஆகும்.

மூடாமல் விட்ட துளைகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திறந்த துளையில் குழந்தைகள் விழுந்து மாண்ட கொடுமையைக் கண்டு, 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு விதிகள் வகுத்தது. நம் ராஜ்யமும் 2015-ல் துளை போட அனுமதியும் ரிக் வண்டிக்குப் பதிவும் வேண்டுமென விதி செய்தது. அப்படியிருந்தும் 2019-ல் திருச்சி ஜில்லாவில் ஒரு பச்சிளங் குழந்தையைத் துளைக்குள் பறிகொடுத்தோம். பொய்த்த துளையை மூட வேண்டும். அல்லது தக்க வடிகட்டி அமைத்து மழை நீரை உள்ளே இறக்கும் வழியாக்க வேண்டும். பணம் வாங்கிய கையே துளையையும் மூடிவிட்டு ஊரை விட்டுப் புறப்பட வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியது இது: ஊர் ஏரியையும் அதற்கு நீர் வரும் ஓடைகளையும் அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கித் தூர் வாருவது, வருஷத்துக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஊர்க் கிணறுகள் சிலவற்றின் நீர்மட்டத்தை அளந்து சாவடிச் சுவரில் எல்லோரும் படிக்க எழுதுவது. எல்லாருக்கும் தெரிந்த கணக்கை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது. சர்க்கார் செய்ய வேண்டியது, ரத்தான சட்டத்தின் இடத்தில், சிறு குடியானவனை உத்தியோகஸ்தர் லஞ்சத்துக்கு இரையாக்காத, பஞ்சாயத்துக்கு அதிகாரம் தரும் ஒரு முழுச் சட்டத்தை இயற்றி, அதை அமுலுக்கும் கொண்டுவருவது. கடன் தரும் அந்நிய ஸ்தாபனங்களுக்கோ நாம் சொல்வது ஒன்றே: எங்கள் தொழிலுக்கு உதவுங்கள், யந்திரத்தோடு அதன் வித்தையையும் கொடுங்கள், அந்தத் தொழில் உண்ணும் நீருக்கும் மரத்துக்கும் மண்ணுக்கும் கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்கை எழுதிக் காக்க வேண்டியவர்கள் நாங்களே.

உலகத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக எடுக்கும் தேசம் நம் தேசம். உலகம் எடுப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நம்முடையது. இந்தப் பட்டத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது, வறண்ட பூமியின் ஏழைகளுக்கு ராட்டையைக் கொடுத்தார். அந்நியத் துணியை ஒழிப்பது மட்டும் அதன் நோக்கமன்று. தன் வீட்டு வரவு செலவைத் தானே அறிந்து, தன் காலில் நிற்கும் மனிதனை உண்டாக்குவதே நோக்கம். அதே தாலுகாவிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் இன்று தேசமெங்கும் பாறையைத் துளைக்கின்றன. ராட்டை கற்பித்த கணக்கு ரிக் வண்டிக்கும் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். பாறைக்கடியிலிருந்து எடுப்பதை அளக்காமல் எடுக்கலாமா?

கிராமங்களில் வேலை செய்யும் நம் தேசத் தொண்டர்கள் இதைத் தம் வேலையாக ஏற்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊரில் எத்தனை துளை, எத்தனை பொய்த்தது, நீர் எத்தனை அடியில் என்று எழுதி முடியுங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், எந்தக் கடனை வாங்குவது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கும் தகுதி நமக்கு உண்டாகும். அது இல்லாதவரை, உதவியைப் புகழ்வதும் இகழ்வதும் வெறும் மேடைப் பேச்சாகவே முடியும்.